கிராஃபீனுக்குப் பெயர், செல்லுலோஸுக்கு வேலை

செகந்திராபாத்தை ஒட்டிய போவன்பள்ளியில் இருப்பது ஒரு மொத்தக் காய்கறிச் சந்தை. வாடிய கீரை, நசுங்கிய தக்காளி, கோஸின் வெளியிலை, முள்ளங்கித் தழை என்று அங்கே நாளொன்றுக்குச் சேரும் கழிவு சுமார் 10 டன். 2021 ஜனவரி 31 அன்று பிரதமர் மோடி தமது வானொலி உரையில் குறிப்பிட்ட பிறகுதான் ஹைதராபாத்துக்கு வெளியே பலருக்கு இந்தச் சந்தையின் பெயர் தெரியவந்தது. அந்த 10 டன்னிலிருந்து தினமும் 500 யூனிட் மின்சாரமும் 30 கிலோ உயிரி எரிபொருளும் எடுக்கிறார்கள் என்பது அவர் சொன்ன கணக்கு. ஹைதராபாத்தின் தார்நாகாவில் உள்ள இந்திய வேதித் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய முறை அது. காற்றுப் புகாத கலனில் நுண்ணுயிரிகள் கழிவைச் செரித்து எரிவாயுவாக்குகின்றன. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை பணம் கொடுத்தது. சந்தையின் தெருவிளக்குக்கும் கடைகளுக்கும் மின்சாரம், கேன்டீன் அடுப்புக்கு வாயு என்பது திட்டம்.

கலனுக்குள் இருக்கும் நுண்ணுயிரிகள் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் தின்பதில்லை. சர்க்கரை, மாவுச்சத்து, பெக்டின் ஆகியவை முதலில் போகும். செல்லுலோஸ் மெதுவாகக் கரையும். லிக்னினை அவை அநேகமாகத் தொடுவதே இல்லை. தாவரத்தின் செல் சுவரை நிமிர்த்தி நிறுத்தும் நார்ப்பொருள்தான் செல்லுலோஸ். 1838இல் அதைப் பிரித்தெடுத்துக் காட்டியவர் அன்செல்ம் பாயன் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பூமியில் உயிர்கள் உண்டாக்கும் பொருள்களில் மிக மலிந்து கிடப்பதும் அதுதான்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காய்கறியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஆகவே 10 டன் கழிவில் உலர்பொருள் 1 டன் தேறும். அதில் ஐந்தில் ஒரு பங்கு செல்லுலோஸ் என்று கொண்டால் 200 கிலோ. 50 மைக்ரான் தடிமனில் அதைப் படலமாக ஊற்றினால் ஒரு சதுர மீட்டருக்கு 75 கிராம் பிடிக்கும்; 200 கிலோவுக்கு 2,600 சதுர மீட்டருக்கு மேல் வரும். 500 யூனிட் மின்சாரத்தை யூனிட் 8 ரூபாய் என்று மதிப்பிட்டால் நாளுக்கு 4,000 ரூபாய். படலத்தைச் சதுர மீட்டர் 2 ரூபாய்க்கு விற்றாலே அதைத் தாண்டிவிடலாம்! இவ்வளவு சுலபமென்றால் யாராவது எப்போதோ செய்திருப்பார்கள். செய்யாததற்குக் காரணங்கள் இருக்கின்றன. அந்தக் காரணங்களுக்குள்தான் செல்லுலோஸிலிருந்து படலம் செய்யும் துறையின் சுவாரசியமும் இருக்கிறது.

ஓரளவுக்குச் செய்தவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் செல்லுகாம்ப் நிறுவனம் கேரட், பீட் போன்ற கிழங்குகளின் கழிவிலிருந்து நுண்ணிழைகளை எடுத்து, பெயின்ட்டைக் கெட்டியாக்கும் பொருளாக விற்கிறது. மரத்தைவிடக் காய்கறியில் லிக்னின் மிகக் குறைவு என்பதால் இழையைப் பிரிப்பது எளிது. ஆனால் பெயின்ட்டுக்குத் தேவைப்படும் தூய்மை வேறு, மின்சாதனத்துக்குத் தேவைப்படும் தூய்மை வேறு. செல்லுலோஸையும் கிராஃபீனையும் கலந்து, காகிதம்போல வளையவும் கம்பிபோல மின்சாரம் கடத்தவும் கூடிய படலமாக்கும் முயற்சி இந்தப் பதினைந்து இருபது ஆண்டுகளாக உலகெங்கும் நடக்கிறது. உணரிகள், ஆன்டெனாக்கள், சூடேற்றிகள், மின்தேக்கிகள் என்று ஆய்வுக்கட்டுரைகள் குவிந்துகொண்டே இருக்கின்றன. சந்தைக்கு வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

கிராஃபீனைப் பற்றிச் செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டின் ஒற்றை அடுக்கு அது. ஓர் அணு தடிமன். 2004இல் மான்செஸ்டரில் ஆந்திரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பைக் கொண்டு அதை உரித்தெடுத்தார்கள். 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒளியில் 2.3 சதவீதத்தைத்தான் விழுங்கும். குறையில்லாத ஒரு தாளின் இழுவலிமை 130 கிகாபாஸ்கல் வரை அளக்கப்பட்டிருக்கிறது. இந்த எண்களையெல்லாம் ஒற்றைத் தாளில், ஆய்வகத்தில், நுண்ணோக்கியின் கீழ் எடுத்தார்கள். பைக்குள் கொட்டி விற்கும் கறுப்புத் தூளுக்கு இவை பொருந்தா. இந்தத் துறையில் எழும் குழப்பங்களில் பாதி இந்த இரண்டையும் ஒன்றென நினைப்பதால் வருபவை.

தூளோடு முதல் சண்டை தண்ணீரில் தொடங்குகிறது. கிராஃபீனுக்குத் தண்ணீர் ஆகாது. கொதிநீரில் கேழ்வரகு மாவை மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டுவதுபோல, கிராஃபீன் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மறுபடி கிராஃபைட்டாகிவிடும். பிரித்துவைக்க வேண்டுமென்றால் சோப்பு போன்ற பொருளைச் சேர்க்கவேண்டும். அந்தச் சோப்பே பிறகு தாள்களுக்கு நடுவே படிந்து மின்சாரத்தை மறிக்கும். செல்லுலோஸ் உள்ளே நுழைவது இந்த இடத்தில்தான்.

செல்லுலோஸ் சங்கிலியின் ஒவ்வொரு குளுக்கோஸ் வளையத்துக்கும் இரண்டு முகங்கள் உண்டு. பக்கவாட்டில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை தண்ணீரை இழுக்கும். மேலும் கீழும் கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜன்கள் மட்டும் இருக்கும். அவை தண்ணீரை விரும்பாதவை. கிராஃபீனின் தட்டையான முகத்தில் இந்தப் பக்கம் போய்ப் படியும். தண்ணீரைப் பார்த்து மற்றப் பக்கம் நிற்கும். இழையின் மேல் எதிர்மின்னேற்றம் ஏற்றிவிட்டால் இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். கூடவே கிராஃபீனும் பிரிந்து நிற்கும். அந்த மின்னேற்றத்தை ஏற்றும் டெம்போ ஆக்சிஜனேற்ற முறையை வளர்த்தெடுத்தவர்கள் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் அகிரா இசொகாய் குழுவினர். 2015இல் மரத்தொழில் ஆய்வுக்கான மார்கஸ் வாலன்பெர்க் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. மூன்று நான்கு நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளாக மரக்கூழ் பிரிந்துவிடும். தண்ணீரில் போட்டால் கண்ணாடிபோலத் தெளிந்த கூழ் கிடைக்கும்.

ஆக, கிராஃபீனைக் கலைத்துவிடுவதும் செல்லுலோஸ். காய்ந்தபின் தாங்கிப் பிடிப்பதும் செல்லுலோஸ். வளைக்கும்போது கிழியாமல் காப்பதும் செல்லுலோஸ். கட்டுரைத் தலைப்புகளில் மட்டும் கிராஃபீன் முதலில் நிற்கிறது. காசும் புகழும் போகும் திசையைத் தலைப்புகள் காட்டும், என்ன செய்ய?

ஆனால் செல்லுலோஸ் மின்காப்பான். அதிகம் போட்டால் மின்சாரம் ஓடாது. கிராஃபீனை அதிகம் போட்டால் படலம் நொறுங்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் எல்லை இருக்கிறது. கிராஃபீன் துணுக்குகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும்வரை படலம் மின்காப்பானாகவே இருக்கும். படலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை துணுக்குகள் ஒன்றையொன்று தொட்டு முதல் பாதை உருவான கணத்தில் மின்தடை பல ஆயிரம் மடங்கு சட்டென்று விழும். அந்த எல்லை எத்தனை சதவீதத்தில் வரும் என்பது துணுக்கின் அகலத்தையும் தடிமனையும், அவை எவ்வளவு சீராகப் பரவியிருக்கின்றன என்பதையும் பொறுத்தது. அகலமான, மெல்லிய துணுக்குகள் என்றால் எடையில் ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோகூடப் போதும். கட்டி தட்டிய துணுக்குகள் என்றால் பத்து சதவீதம் போட்டாலும் பாதை திறக்காது. ஒரே கலவை விகிதத்தில் இரண்டு ஆய்வகங்கள் ஆயிரம் மடங்கு வேறுபட்ட எண்களை வெளியிடுவது இதனால்தான்.

எல்லையைத் தாண்டினாலும் செம்போடு போட்டி போட முடியாது. செம்பின் கடத்துதிறன் மீட்டருக்கு ஏறத்தாழ 6 கோடி சீமென்ஸ். கிராஃபீன் துணுக்குகளால் செய்த படலங்கள் பெரும்பாலும் ஆயிரங்களிலும் பத்தாயிரங்களிலும் நிற்கின்றன. செல்லுலோஸ் சேர்ந்ததும் இன்னும் குறையும். அச்சு மின்னணுவியலில் இன்று கோலோச்சும் வெள்ளி மையை இது விரட்டிவிடும் என்று எழுதுகிறவர்களை நம்பவேண்டாம். வெள்ளி தேவைப்படாத இடங்கள் ஏராளமாக இருக்கின்றன. அவைதான் இதன் இடம்.

வளைவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஏனென்றால் இந்தச் சொல்லைத்தான் அதிகம் தளர்வாகப் பயன்படுத்துகிறோம். ஒரு படலத்தை வளைத்தால் அதன் வெளிப்புறம் எவ்வளவு நீளும் என்பதற்கு எளிய விதி உண்டு: தடிமனை வளைவின் ஆரத்தின் இருமடங்கால் வகுக்கவேண்டும். 50 மைக்ரான் படலத்தை 5 மில்லிமீட்டர் ஆரத்தில் சுருட்டினால் அரை சதவீதம்தான் நீள்கிறது. தொடுதிரைகளில் இருக்கும் இன்டியம் தகர ஆக்சைடு பீங்கான் வகைப் பொருள். ஒன்றிரண்டு சதவீதம் நீண்டாலே விரிசல் விடும். என்றாலும் அரை சதவீதத்தை அதுவும் தாங்கிவிடும்! அதாவது, விரலில் சுற்றிக் காட்டும் புகைப்படத்தை வைத்து எந்தப் பொருளின் நெகிழ்வையும் தீர்மானிக்க முடியாது. மெலிதாக இருந்தால் எதுவும் வளையும். உண்மையான சோதனை மடிப்பு. கடிதத்தை மடிப்பதுபோல் நகத்தால் அழுத்தி மடித்தால் வளைவின் ஆரம் படலத்தின் தடிமன் அளவுக்கே சுருங்கிவிடும். பீங்கானும் உலோகப் பூச்சும் அங்கே தோற்கும். இழைகளின் பின்னலுக்குள் சிக்கிய கிராஃபீன் தாள்கள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, தொடர்பை விடாமல் நிற்கும். கிராஃபீன்–செல்லுலோஸ் கூட்டணியின் அசல் பலம் இந்த இடத்தில் தெரியும்.

காகித மின்கலம்

இந்தக் கூட்டணிக்கு முன்னோடி ஒன்று உண்டு. 2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் டிராய் நகரில் இருக்கும் ரென்சிலர் கல்லூரியிலிருந்து ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. கேரளத்தில் பிறந்த புலிக்கல் அஜயனும் ராபர்ட் லின்ஹார்ட்டும் வழிநடத்திய ஆய்வு. முதல் ஆசிரியர் விக்டர் புஷ்பராஜ். உடன் ஷைஜுமோன், முருகேசன் முதலியோர். ஆசிரியர் பட்டியலைப் பார்த்தால் பாதி தென்னிந்தியா. செல்லுலோஸை அயனித் திரவத்தில் கரைத்து, நிமிர்ந்து நிற்கும் கார்பன் நானோகுழாய்க் காட்டுக்குள் ஊற்றிக் காயவைத்தார்கள். கறுப்புக் காகிதம்போன்ற ஒன்று கிடைத்தது. அதன் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ். மின்வாய், பிரிப்பான், மின்பகுபொருள் எல்லாம் அந்த ஒரே தாளுக்குள். சுருட்டலாம், கத்தரிக்கலாம், அடுக்கலாம். பூஜ்ஜியத்துக்குக் கீழே 70 டிகிரியிலும் 150 டிகிரி செல்சியஸிலும் வேலை செய்தது.

அடுத்த ஆண்டே லிஸ்பனில் எல்விரா ஃபோர்டுனாட்டோவும் ரோட்ரிகோ மார்ட்டின்ஸும் சாதாரணக் காகிதத்தையே மின்காப்பு அடுக்காக வைத்து டிரான்சிஸ்டர் செய்தார்கள். 2009இல் கியோட்டோவிலிருந்து ஒளி ஊடுருவும் நானோ காகிதம் வந்தது. செல்லுலோஸ் இழை போதுமான அளவு மெலிந்து, இடைவெளியின்றி நெருங்கினால் ஒளி சிதறாது, காகிதம் தெளிந்துவிடும். இந்தத் தாள் சூட்டில் நீள்வதும் பிளாஸ்டிக்கைவிட மிகக் குறைவு. மின்சுற்றை அச்சிடுகிறவர்களுக்கு இது பெரிய வரம். அடிப்படைத் தாள் விரிந்து சுருங்கினால் மேலே அச்சிட்ட கோடுகள் இடம் மாறிவிடும்.

பசுமை என்ற சொல்லும் 2.3 லிட்டர் அமிலமும்

ஆய்வகங்களில் வழக்கமாக நடக்கும் முறை இது. கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றம் செய்து கிராஃபீன் ஆக்சைடாக்குவார்கள். அது தண்ணீரில் நன்றாகப் பரவும். செல்லுலோஸ் நானோ இழைக் கூழோடு கலந்து, வடிதாளில் உறிஞ்சி வடித்து, காயவைத்து, பிறகு ஆக்சிஜனை நீக்கிக் கடத்தும் நிலைக்குக் கொண்டுவருவார்கள். கட்டுரையின் முதல் பத்தியில் ‘சூழலுக்கு உகந்த’ என்று எழுதியிருக்கும். செய்முறைப் பகுதிக்குப் போனால் ஹம்மர்ஸ் முறை என்றிருக்கும். 1958இல் வெளியான அந்த முறையின் மூலச் செய்முறை 100 கிராம் கிராஃபைட்டுக்கு 2.3 லிட்டர் அடர் கந்தக அமிலமும் 300 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் 50 கிராம் சோடியம் நைட்ரேட்டும் கேட்கிறது. நச்சு வாயு எழும்; மாங்கனீஸ் கலந்த அமிலக் கழிவுநீர் மிஞ்சும். நைட்ரேட் இல்லாத திருத்தங்கள் பின்னால் வந்தன, அமிலம் போகவில்லை. இப்படிச் செய்த கிராஃபீனைச் செல்லுலோஸோடு சேர்த்துவிட்டதால் மட்டும் படலம் பசுமையாகிவிடாது. செல்லுலோஸின் நற்பெயரைக் கிராஃபீனின் கணக்கில் வரவு வைக்கும் வேலை இது.

மாற்று இருக்கிறது. டப்ளினின் ஜொனாதன் கோல்மன் குழு 2014இல் கிராஃபைட்டைச் சோப்புத் தண்ணீரில் போட்டு வேகமாகச் சுழற்றியே அடுக்குகளை உரிக்கலாம் என்று காட்டியது. சமையலறை மிக்ஸியிலும் செய்து பார்த்தார்கள், வந்தது. சோப்புக்குப் பதில் நானோ செல்லுலோஸையே போட்டால் பிறகு கழுவ வேண்டியதும் இல்லை. பிரிக்கும் பொருளே படலத்தின் உடலாகிவிடும். பின்லாந்து ஆய்வாளர்கள் இப்படி நேரடியாகவே செய்து உறுதியான படலம் எடுத்திருக்கிறார்கள். இந்தப் பாதையில் கிடைக்கும் துணுக்குகள் சிறியவை, பல அடுக்குகள் கொண்டவை. ஆனாலும் எனக்கு இதுதான் நேர்மையான வழியாகப் படுகிறது.

ஆக்சிஜனை நீக்குவதிலும் ஓர் இக்கட்டு. கிராஃபீனுக்குச் சூடு நல்லது, செல்லுலோஸுக்கு ஆகாது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மார்க் ஹெர்சம் குழு 2013இல் எத்தில் செல்லுலோஸ் கலந்த கிராஃபீன் மையை அச்சிட்டு 250 டிகிரியில் வாட்டியது. மீட்டருக்கு 25,000 சீமென்ஸ் அளவுக்குக் கடத்துதிறன் கிடைத்தது. அடியில் இருந்தது சூடு தாங்கும் பாலிஇமைடு. அதே வெப்பத்தில் நானோ காகிதம் பழுத்துக் கருகத் தொடங்கும். டெம்போ முறையில் செய்த இழை 200 டிகிரியிலேயே சிதைய ஆரம்பிக்கும். ஆகவே வேதிப்பொருளால் ஆக்சிஜனை நீக்கவேண்டியிருக்கிறது. ஹைட்ரசீன் நன்றாக வேலை செய்யும், ஆனால் கொடிய நஞ்சு. அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் என்பது 2010 வாக்கில் தெரியவந்தது.

இந்த இக்கட்டிலிருந்து தப்ப மூன்றாவது வழி லேசர். ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழு 2014இல் பாலிஇமைடு தாளில் கரியமில வாயு லேசரை ஓட்டி, பட்ட கோட்டில் மட்டும் கிராஃபீன் உண்டாக்கியது. 2018இல் அதையே காகிதம், துணி, ரொட்டி, உருளைக்கிழங்குத் தோல், தேங்காய் ஓடு ஆகியவற்றின்மேல் செய்தார்கள். முதல் ஓட்டத்தில் கரி, அடுத்த ஓட்டத்தில் கிராஃபீன். தேங்காய் ஓடு இதற்கு நன்றாக ஒத்துழைக்கிறது. அதில் லிக்னின் அதிகம், லிக்னினில் ஏற்கெனவே கார்பன் வளையங்கள் உள்ளன. தூய செல்லுலோஸ் லேசர் பட்டால் ஆவியாகி ஓடப் பார்க்கும். போவன்பள்ளிக் கலனில் நுண்ணுயிரி தொடாமல் விடுகிற அதே லிக்னினுக்கு இந்தத் தொழிலில் மரியாதை!

ஹைதராபாத்திலேயே இந்தத் திசையில் வேலை நடக்கிறது. நகரின் வடக்கே ஷாமிர்பேட்டில் பிட்ஸ் பிலானி வளாகத்தில் சங்கேத் கோயல் குழு லேசரால் கிராஃபீன் மின்வாய்களை வரைந்து வேதி உணரிகளும் நுண்பாய்மச் சாதனங்களும் செய்கிறது. தெற்கே பாலாபூரில் இருக்கும் பொடி உலோகவியல், புதுப் பொருள்களுக்கான பன்னாட்டு ஆய்வு மையம் சில ஆண்டுகளுக்கு முன் ஆலைக் கழிவுப் பஞ்சைக் கார்பனாக்கி, கடல்நீரையே மின்பகுபொருளாக வைத்து மீமின்தேக்கி செய்து காட்டியது. பஞ்சில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ்தான். இவற்றில் எதையும் நேரடியாகக் கிராஃபீன்–செல்லுலோஸ் படலம் என்று சொல்லமாட்டேன், பக்கத்து வீடுகள்.

சிவகங்கை, காரைக்குடி, புகழூர்

இரண்டு மூலப்பொருளும் தமிழ்நாட்டில் இருக்கின்றன என்பது பலர் கவனிக்காத விஷயம். சிவகங்கை மாவட்டத்தில் செதில் வகைக் கிராஃபைட் கிடைக்கிறது. மாநில அரசின் டாமின் நிறுவனம் அதை வெட்டியெடுத்துத் தூய்மைப்படுத்தும் ஆலையையும் அங்கேயே வைத்திருக்கிறது. அதே மாவட்டத்தில் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், ஊர்க்காரர்கள் வாயில் சிக்ரி. அமிலம் குறைத்து, மின்னோட்டத்தால் கிராஃபைட்டை உரிக்கும் முறை மின்வேதியியலாளர்களின் சொந்த நிலம். கரூர் மாவட்டம் புகழூர் அருகே காகிதபுரத்தில் டி.என்.பி.எல். ஆலை 1980களிலிருந்து கரும்புச்சக்கையில் காகிதம் செய்கிறது. சர்க்கரை ஆலைகளுக்கு எரிபொருளைக் கொடுத்துச் சக்கையை வாங்கும் ஏற்பாட்டை நாட்டுக்கே காட்டியது அது. சக்கையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் செல்லுலோஸ் இருக்கும். மும்பை மாட்டுங்காவில் மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் நானோ செல்லுலோஸுக்கு முன்மாதிரி ஆலையே வைத்திருக்கிறது. கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகமும் திருச்சூர் சி-மெட் மையமும் டாடா ஸ்டீலும் சேர்ந்து கொச்சியில் கிராஃபீன் புத்தாக்க மையம் தொடங்கியிருக்கின்றன. சென்னை முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சலும் கொச்சியில் கிராஃபீன் செய்கிறது.

பொருளும் இருக்கிறது, படித்தவர்களும் இருக்கிறார்கள். குறை நடுவில்: ஒரு கையளவு வட்டப் படலத்திலிருந்து ஒரு சுருள் படலத்துக்குப் போகும் தூரம். வடிதாளில் ஒரு வட்டம் வடிய மணிக்கணக்கில் ஆகிறது. நானோ இழை தண்ணீரை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு சதவீதக் கூழ் என்றால் ஒரு கிலோ படலத்துக்கு 49 கிலோ தண்ணீரை வெளியேற்றவேண்டும். அவசரமாகக் காயவைத்தால் ஓரம் சுருளும், நடுவில் கிராஃபீன் திரளும். மேலே போட்ட இரண்டு ரூபாய்க் கணக்கு உடைவது இங்கேதான்; படலத்தின் விலையில் பெரும் பகுதி உலர்த்தும் செலவாகப் போய்விடும்.

மூலப்பொருளின் தரமும் ஒரு சிக்கல். 2018இல் சிங்கப்பூரின் காஸ்ட்ரோ நெட்டோவும் உடன் ஆய்வாளர்களும் உலகெங்கும் 60 நிறுவனங்கள் கிராஃபீன் என்று விற்ற தூளைச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் கிராஃபீன் 10 சதவீதத்துக்கும் குறைவு. மீதி நைசாக அரைத்த கிராஃபைட். 2021இல் பன்னாட்டுத் தர அமைப்பு கிராஃபீனின் கட்டமைப்பை அளக்கும் முறையை வெளியிட்டது. தூள் வாங்கும் கல்லூரி ஆய்வகங்கள் அதைப் பின்பற்றினாலே கட்டுரைகள் அச்சிடும் தாளில் பாதி மிச்சமாகும்.

மக்கிப்போவதைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது. முறைப்படி சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது 22.3 சதவீதம். இந்த எண்ணைக் காட்டித்தான் செல்லுலோஸ் மின்னணுவியலுக்கு ஆதரவு கேட்கிறார்கள். 2015இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் நானோ காகிதத்தின்மேல் சில்லுகளை ஒட்டி, மரத்தை அழுகவைக்கும் பூஞ்சையிடம் கொடுத்தார்கள். பூஞ்சை காகிதத்தைத் தின்றது. சில்லு அப்படியேதான் இருந்தது. கிராஃபீன் படலத்திலும் அதே கதைதான். செல்லுலோஸ் போனபின் கிராஃபீன் என்ன ஆகும்? ஸ்ட்ராஸ்பர்கில் ராஜேந்திர குரபாட்டியும் ஆல்பர்ட்டோ பியான்கோவும் மனித வெள்ளணுக்களின் நொதி ஒன்று கிராஃபீன் ஆக்சைடைச் சிதைக்கும் என்று காட்டினார்கள். ஆக்சிஜன் நீக்கப்பட்ட, நன்றாகக் கடத்தும் வகை அவ்வளவு எளிதில் மசியாது. அதாவது, மின்சாரத்துக்கு எது நல்லதோ அதுவே மக்குவதற்குத் தடை. ‘முழுவதும் மக்கும்’ என்ற விளம்பரத்தை இப்போதைக்கு யாரும் ஏற்கவேண்டியதில்லை.

கடைசியாக ஈரம். நம் ஊருக்கு இதுதான் தலையாய பிரச்சினை என்று நினைக்கிறேன். பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரம் பிடித்துவைக்கும். நானோ இழையின் மேற்பரப்பு அதைவிடப் பெரிது. ஈரம் ஏறினால் இழை உப்பும், கிராஃபீன் துணுக்குகளுக்கு இடையிலான தூரம் கூடும், மின்தடை ஏறும். ஆக்சைடு மிச்சமிருந்தால் தண்ணீர் வழியாக அயனிகள் ஓடி மின்தடை இறங்கவும் செய்யும். ஒரே படலம் காலையில் ஓர் எண்ணும் மாலையில் ஓர் எண்ணும் காட்டும். இதையே பயனாக மாற்றி ஈரப்பத உணரி செய்கிறார்கள்; நல்ல யோசனைதான், காய்கறிக் குளிர்கிடங்குகளுக்கு மலிவான உணரி தேவைப்படுகிறது. ஆனால் நாடித்துடிப்பை அளக்க மணிக்கட்டில் ஒட்டும் பட்டைக்கு இதே குணம் விஷம். வியர்வையை அளக்கிறதா, துடிப்பை அளக்கிறதா என்று தெரியாமல் போகும். மெழுகு, அரக்கு போன்ற பூச்சுகள் உதவலாம். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் அரக்கை டிரான்சிஸ்டரின் மின்காப்பு அடுக்காகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். அரக்கு நம் ஜார்க்கண்டில் மலையாகக் கிடைக்கிறது.

பெரும்பாலான ஆய்வுக்கட்டுரைகள் குளிரூட்டிய அறையில், ஈரப்பதம் நாற்பது ஐம்பது சதவீதத்தில் அளந்தவை. பல கட்டுரைகள் ஈரப்பதத்தைக் குறிப்பிடுவதே இல்லை. எழுபது எண்பது சதவீதத்தில் வாழும் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அந்த எண்களால் பயன் குறைவு. ஆகவே இந்தத் துறையில் இறங்கும் தமிழ் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: படலத்தின் மின்தடையை எழுதும்போது, அளந்த அறையின் ஈரப்பதத்தையும் பக்கத்தில் எழுதுங்கள், ஐப்பசி மாதத்தில், ஜன்னலைத் திறந்துவைத்து இன்னொரு முறை அளந்து, அந்த எண்ணையும் சேர்த்து வெளியிடுங்கள்.